சுண்டைக்காய்க் கோட்பாடு: விமான நிலைய விடுதி குறித்து ஓர் ஆய்வு

பயணியர் விடுதி இயலில் இன்னும் தீர்ப்பு வராத வழக்கு ஒன்று உண்டு. விமான நிலையத்தை ஒட்டி மலிவாக அறை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்வருவது லாபமா, கூடக் கொடுத்தாலும் ஊருக்குள்ளேயே தங்குவது லாபமா? டிக்கெட் போட்ட அன்றிரவு குடும்பத்தில் தொடங்கும் இந்த வழக்கு, ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்தும் மேல்முறையீட்டில் இருக்கும்.

முன்னோர் இதை ஆராயாமல் விடவில்லை. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று ஒன்றுக்கு மூன்று என விகிதமே வகுத்துவிட்டார்கள். இது காய்கறி வணிகத்தைப் பற்றியது எனக் கொள்வாரும் உண்டு, அது பொருந்தாது. சுண்டைக்காய் என்பது அறை வாடகை, சுமைகூலி என்பது டாக்சி என்று கொள்வதே இவ்விடத்துக்கு ஏற்ற உரை.

கள அறிமுகம்

ஆய்வுக்குச் சென்னை தேர்ந்தெடுக்கப்பட்டது. டோக்கியோவுக்கு நரிட்டா விமான நிலையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கோலாலம்பூர் தன் பெரிய விமான நிலையத்தை 1998இல் சிப்பாங்கிலும், பெங்களூர் 2008இல் தேவனஹள்ளியிலும் கொண்டுபோய் வைத்தன. அங்கெல்லாம் தூரமே தீர்ப்பை எழுதிவிடுகிறது. ஆய்வாளருக்கு வேலை இல்லை. சென்னையிலோ விமான நிலையம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. சுரங்கப்பாதை வழியே சாலையைக் கடந்தால் மின்சார ரயில் நிலையம். அதன் பெயர் திரிசூலம்.

அந்தப் பெயர் பக்கத்து மலையடிவாரத்தில் கோயில் கொண்ட திரிசூலநாதரோடு சேர்ந்தது. ஆனாலும் இந்த ஆய்வுக்கு அது அவரே எடுத்துக் கொடுத்த தலைப்பு போல அமைந்துவிட்டது. பயணியைக் குத்தும் முனைகளும் மூன்று: வாடகை, வண்டிச்சத்தம், மதியத் தூக்கம்.

நடைக் கணக்கு

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இரவு விமானத்தில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நால்வர், ஒரே அறை, கூடுதலாக ஒரு மெத்தை. வந்த காரியம், தி.நகரில் கல்யாணச் சேலை எடுப்பது. திரும்புவது விடியற்காலை விமானத்தில்.

தி.நகரில் தங்கினால், எத்தனை இரவானாலும் விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இடையே இரண்டே நடைதான்: வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று. விமான நிலையத்தருகே தங்கினால், ஓர் இரவுக்கு நடையே இல்லை. இரண்டு இரவென்றால் நடுவே ஒரு பகல், இரண்டு நடை. மூன்று இரவுக்கு நான்கு, நான்கு இரவுக்கு ஆறு.

இரண்டு இரவு தங்குவோருக்கு இரு பக்கமும் நடை சமம் என்பதே இந்த ஆய்வின் முதல் கண்டுபிடிப்பு. ‘அவ்வளவு தூரம் யார் அலைவது?’ என்ற வாதம் அவர்களிடம் செல்லாது. எங்கே தங்கினாலும் அதே அலைச்சல்தான். மூன்றாம் இரவிலிருந்துதான் சுமைகூலி ஏறத் தொடங்குகிறது.

விமான நிலையத்துப் பக்கம் ஓர் இரவுக்கு 600 ரூபாய் மிச்சம், டாக்சிக்கு நடை ஒன்றுக்கு 500 ரூபாய் என்று கற்பனையாக வைத்துப் பார்க்கலாம். மூன்று இரவுக்கு மிச்சம் 1800, கூடுதல் நடைக்கு 1000. கையில் 800 நிற்கும். ஐந்தாம் இரவில் மிச்சமும் 3000, டாக்சியும் 3000. ஆறாம் இரவில் 400 ரூபாய் நட்டம். ஆக, ஐந்து இரவு வரை விமான நிலையத்துப் பக்கம் தங்கலாம் என்று காகிதம் சொல்கிறது.

காகிதம் மதியம் தூங்குவதில்லை.

மூன்றாம் முனை

ஊருக்குள் தங்கியவர் பகல் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வாங்கிய பைகளோடு நடந்தே அறைக்குப் போகிறார். பையை மூலையில் வைத்து, மின்விசிறியை ஐந்தில் வைத்துக் கட்டிலில் சாய்கிறார். நான்கு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு மறுபடி கடைக்கு வருகிறார். செலவு ஒன்றுமில்லை. திரிசூலத்துக்காரர் இதையே செய்ய நினைத்தால் இன்னும் இரண்டு நடை, 1000 ரூபாய். தூங்காமல் சமாளிக்கிறவர் துணிக்கடையில் ஆண்களுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் கழுத்து ஒருபுறம் தொங்கக் காணப்படுவார்.

தூக்கத்தையும் கூட்டினால் கணக்கு தலைகீழ். மூன்று இரவுக்கு 800 ரூபாய் லாபம் என்றது 1200 ரூபாய் நட்டமாகிறது. இரண்டு இரவுக்கு மட்டும் ஒரு 200 ரூபாய் மிஞ்சுகிறது. ஐந்து இரவு வரை நீண்ட எல்லையை ஒரு குட்டித் தூக்கம் இரண்டுக்குச் சுருக்கிவிடுகிறது.

மறுப்பும் சமாதானமும்

‘டாக்சி எதற்கு, ரயில் இருக்கிறதே?’ என்று மறுப்பு எழலாம். நியாயமான மறுப்பு. திரிசூலத்தில் ஏறினால் மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை தாண்டி ஆறாவது நிறுத்தம் மாம்பலம். இறங்கினால் தி.நகரின் ரங்கநாதன் தெரு. தலைக்கு 5 ரூபாய், நால்வருக்கு 20. இந்தக் கணக்கில் எத்தனை இரவு தங்கினாலும் விமான நிலையத்துப் பக்கமே வெல்லும். 2016 முதல் மெட்ரோவும் உண்டு. 2021இல் அதன் உச்சக் கட்டணம் 70 ரூபாயிலிருந்து 50 ஆனது. ரயில் தலையை எண்ணிக் காசு வாங்குகிறது, டாக்சி வண்டியை எண்ணி வாங்குகிறது. தனியாள் டாக்சி ஏறும்போதும் குடும்பம் மெட்ரோ ஏறும்போதும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ரயில் கோட்பாடு காலையில் மட்டுமே உண்மை. மாலை ஆறரைக்கு மாம்பலம் நடைமேடையில் தாம்பரம் வண்டி வந்து நிற்கும்போது, இரு கையிலும் சேலைப் பை பிடித்த இல்லத்தரசி அதை இப்படி மறுக்கிறார்: “இஞ்சாருங்கோ, இந்தப் பையளோட இதிலை ஏறேலாது.” இதற்கு எதிர்வாதம் எந்த நூலிலும் இல்லை. டாக்சி வருகிறது.

விடுதிக்காரரின் நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் கேட்டுவிட வேண்டும். 24 மணி நேரக் கணக்கு வைத்த லாட்ஜில் இரவு ஒரு மணிக்கு நுழைந்தால் மறுநாள் இரவு ஒரு மணி வரை அறை நமது. நண்பகல் 12 மணிக் கணக்கு வைத்த ஓட்டலில் அதே ஆள் பதினொரு மணி நேரத்தில் ஒரு முழு நாள் வாடகையைத் தூங்கித் தீர்க்கிறார். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்பதால், விடியற்காலை ஐந்து மணி விமானக்காரர் கடைசி இரவின் வாடகையிலும் பாதியைத்தான் அனுபவிக்கிறார்.

முடிவுரை

மேற்படி குடும்பம் திரிசூலத்துப் பக்கமே இரண்டு இரவு தங்கியது. மதியம் தூங்கியது. ஆய்வு சொன்னபடி 200 ரூபாய் மிஞ்சியது. குடும்பத் தலைவர் அந்த வெற்றியைக் கொண்டாட, ரங்கநாதன் தெருவில் ஊருக்கென்று ஒரு பெரிய பொட்டலம் வற்றல் வாங்கினார். அதிகாலை இரண்டு மணிக்கு விமான நிலையத் தராசு பெட்டியின் எடை கூடுதல் என்றது. அதற்கு விமான நிறுவனம் கேட்ட கூலி 200 ரூபாய்க்கு மேல். பொட்டலத்தில் இருந்தது சுண்டைக்காய்.