புஜபலம் மட்டும் போதுமா?

கேள்வி: ஆறடி உயரம், முறுக்கேறிய புஜம், கறுப்புக் கண்ணாடி. மெய்க்காப்பாளருக்கு இவை போதாதா? மேற்பயிற்சி வேறு எதற்கு?

பதில்: புஜத்தைப் பார்த்துக் கூட்டம் ஒதுங்கும், தோட்டா ஒதுங்காது!

1981 மார்ச் 30, வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசல். ஹிங்க்லி என்பவன் இரண்டு விநாடிக்குள் ஆறு முறை சுட்டான். வெடிச்சத்தம் கேட்டால் குனிவது மனித இயல்பு. பாதுகாவலர் டிம் மெக்கார்த்தியோ கைகால்களை விரித்து நிமிர்ந்து நின்று, அமெரிக்க அதிபர் ரீகனை நோக்கி வந்த குண்டைத் தன் வயிற்றில் வாங்கினார். பயிற்சி இயல்பையே மாற்றிவிடுகிறது.

அதைவிட நான் வியப்பது இன்னொரு பாதுகாவலர் ஜெர்ரி பாரை. ரீகனைக் காருக்குள் தள்ளி, வண்டியை வெள்ளை மாளிகைக்கு விரட்டச் சொன்னார். வழியில் ரீகனின் வாயில் நுரைத்த ரத்தம். நுரையீரலில் அடி என்று ஊகித்து, வண்டியை மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். குண்டு பாய்ந்திருப்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது. அதிபர் பிழைத்தார். அந்த முடிவை எடுத்தது புஜமா, படிப்பா?

மெய்க்காப்பாளர் தேடுவோரே, மார்பளவை அப்புறம் எடுங்கள். முதலுதவி தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.