எங்கே வலிக்கிறது?

அக்கா மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். வோல்கா கரையில் ஒரு நகரம். போய்ச் சேர்ந்த மறுநாளே வீடியோ காலில் சாப்பாட்டுத் தட்டைக் காட்டினாள். இட்லி, சாம்பார், ஓரத்தில் பொடி. விடுதியிலேயே இந்தியன் மெஸ், பாடம் ஆங்கிலத்தில், அறையில் இருக்கும் மூவரும் தமிழ்ப் பெண்கள். அக்காவுக்கு நிம்மதி. எனக்கும் சந்தோஷம்தான். 1985 செப்டம்பரில் மாஸ்கோவில் போய் இறங்கிய நான் எதற்கெல்லாம் ஏங்கினேனோ, அத்தனையும் அவளுக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது.

நான் போனது மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக 1960இல் தொடங்கியது. மறு ஆண்டு கொல்லப்பட்ட காங்கோவின் முதல் பிரதமர் பத்ரீஸ் லுமும்பாவின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். முதல் ஓராண்டு முழுக்க மொழிப் பாடம். தூத்துக்குடியில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சியில் நான் வாங்கிப் படித்த சோவியத் புத்தகங்கள் எல்லாம் தமிழில் இருந்தவை. எனக்குத் தெரிந்த ரஷ்யச் சொல் 'ஸ்புத்னிக்' ஒன்றுதான்.

வகுப்பில் ஏழு பேர். வியட்நாமிலிருந்து இருவர், எத்தியோப்பியா, கியூபா, பெரு, தெற்கு ஏமனிலிருந்து ஆளுக்கொருவர், பிறகு நான். ஏழு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆசிரியை மேசையைத் தட்டி, "எத்தா ஸ்தோல்" என்றார். இது மேசை. நடுவில் வேறு ஒன்றும் இல்லை. 'யா ஸ்துதியேந்த்' என்றால் நான் மாணவன். ஆங்கிலத்தில் 'இஸ்' விட்டுப்போனதற்குப் பள்ளியில் பிரம்படி வாங்கிய எனக்கு, தமிழ் மாதிரியே பேசுகிற ஒரு மொழி உலகத்தில் இருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை.

33 எழுத்துகளில் ஒன்று எல்லோரையும் படுத்தியது. அது 'இ'யும் இல்லை, 'உ'வும் இல்லை. கியூபாக்காரர் முகம் சிவக்கச் சிவக்க முயன்றார். நான் மனசுக்குள் 'காது' என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் உதடு குவியாமல் குறுகி ஒலிக்குமே, அந்த உகரம். தமிழ் ஐயா குற்றியலுகரம் என்று நடத்தியது. ஏறக்குறைய அந்த ஒலிதான். வாய்விட்டுச் சொன்னதும் ஆசிரியை கைதட்டிவிட்டார்.

அவரை 'மேடம்' என்று கூப்பிட முடியாது. பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை. நம் இனிஷியல்தான் அது, அவர்கள் முழுசாக வாய்விட்டு அழைக்கிறார்கள். என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து என்ன என்று ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து என்னையும் அப்பா பெயர் சேர்த்தே அழைத்தார். ஊரில் உப்பளத்து வேலையில் இருந்த அப்பாவுக்கு இதை ஏரோகிராமில் எழுதினேன். அந்தக் கடிதத்தை அவர் கடைசிவரை சட்டைப்பையில் வைத்திருந்தார்.

சாப்பாடுதான் கஷ்டம். கேன்டீனில் பீட்ரூட் சூப்பும் கறுப்பு ரொட்டியும். காலையில் அரிசி என்று ஆசையாக வாங்கினால், பாலும் சர்க்கரையும் போட்டுக் குழைத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளத்தின் கோடியில் இருந்த பொதுச் சமையலறையில் வியட்நாம் நண்பர்கள் உப்பு ஹெர்ரிங் மீனைப் பொரித்தார்கள். நாற்றம் தாங்காமல் அறைக் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கருவாட்டு வாசம்! அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ப் பொடியை நான் கொண்டுவர, எத்தியோப்பியர் தன் ஊர்ப் 'பெர்பரே' மசாலாவோடு வந்தார். ஒரே சட்டியைச் சுற்றி நின்று தின்றோம். அன்று நாங்கள் பேசிய ரஷ்யத்தில் வேற்றுமை உருபு ஒன்றுகூடச் சரியாக இருந்திருக்காது. ஆனாலும் ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரிந்தது. நான் ரஷ்யம் பேசத் தொடங்கியது அந்த அடுப்பங்கரையில்தான்.

டிசம்பரில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். விடுதி வாசலில் காவலிருக்கும் பாட்டி மாடியேறி வந்து, நெற்றியில் கை வைத்து, "க்த்யே பலீத்?" என்றார். எங்கே வலிக்கிறது? பலீத், வலி. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது, ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. காய்ச்சலில் எனக்கு அது தமிழாகவே கேட்டது. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடி டம்ளரில் சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்தார், ராஸ்ப்பெரி ஜாம் இரண்டு கரண்டி கலந்து. நான் குடித்து முடிக்கும்வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போரில் போன தன் தம்பியைப் பற்றிப் பேசினார். பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் குரல் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

போன மாதம் அக்கா மகள் நேரங்கெட்ட நேரத்தில் அழைத்தாள். இப்போது நான்காம் ஆண்டு, வார்டுக்குப் போகிறாள்.

"மாமா, பேஷன்ட்ஸ் எல்லாரும் ரஷ்யன்லதான் பேசுறாங்க. இன்னிக்கு ஒரு பாட்டி என் கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னாங்க. ஒண்ணுமே புரியல. சும்மா தலையாட்டிட்டு வந்துட்டேன்." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

அவள் படிப்பில் கெட்டிக்காரி. மெஸ்ஸில் சாப்பிடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். வயிறு நிறைந்தால்தான் படிப்பு ஏறும். ஆனால் பிள்ளைகள் கஷ்டப்படக் கூடாது என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டில், அந்த ஊர்க்காரர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வழியில்லாமல் போயிற்று. இத்தனை வருஷத்தில் ஒரு ரஷ்ய வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. இதைச் சேர்க்கையின்போதே நான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று இரவு பத்துத் தடவை சொல்ல வைத்தேன். க்த்யே பலீத். "வலின்னு ஞாபகம் வச்சுக்கோ, வந்துடும்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். உச்சரிப்பு நன்றாகவே வந்தது.

"அந்தப் பாட்டி பேரு என்னம்மா?"

"தெரியல மாமா."

"கேஸ் ஷீட்ல இருக்கும். கூடவே அவங்க அப்பா பேரும் இருக்கும். நாளைக்கு ரெண்டையும் சேத்துச் சொல்லி முதல்ல கூப்பிடு. அதுக்கப்புறம் கேளு."