ஓசியில் வந்தது ஓங்கும்: செடித்தொட்டி குறித்த ஓர் ஆய்வு

மீன்தொட்டி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. அதைக் கருதுகோளாக எழுதி, வாதாடி, பட்டம் வாங்கத்தான் ஆள் இல்லை. காசு கொடுத்து வாங்கித் தொட்டிக்குள் விட்டவை வாடும். அழைப்பும் இல்லாமல் விலையும் இல்லாமல் உள்ளே வந்தவை கொழிக்கும். இக்கட்டுரை இதை ‘ஓசிக் கோட்பாடு’ என்று அழைக்கும். கோட்பாடு சரியானதே என்று நிறுவுவது ஆய்வின் நோக்கம். முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு தரவைத் தேடுவது ஆய்வுலகுக்குப் புதிதல்ல.

முதலில் ஆய்வின் எல்லை. சென்னையில் ஒரு நடுத்தர வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், அடியில் தெர்மாகோல் போட்டு வைக்கப்படும் இரண்டடித் தொட்டியே களம். நீளம் 24 அங்குலம். அகலமும் உயரமும் 12 அங்குலம். விளிம்புவரை ஊற்றினால் சுமார் 56 லிட்டர். கண்ணாடி, மணல், கல், கட்டை எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை வந்துவிடும். எனவே தொட்டி எந்தச் சுவரோரம் என்ற குடும்ப விவாதம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே முடிந்தாக வேண்டும். ஊற்றிய பின் தோற்றவர் கட்சிக்கு மேல்முறையீடு கிடையாது. உள்ளே நிஜச் செடிகள், ஒத்துப்போகும் என்று நம்பப்படும் பலவகை மீன்கள். கடல்நீர்த் தொட்டி இதில் சேராது, அது வேறு வருமானப் பிரிவு. பிளாஸ்டிக் செடிக்கு நடுவே வாயைத் திறந்து குமிழி விடும் சிப்பி பொம்மையும் சேராது.

இத்துறையின் மூலவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில், அதாவது ஏறக்குறைய நம் இரண்டடித் தொட்டியில், இரண்டு சின்னத் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடாச்செடியையும் விட்டுப் பார்த்து, 1850இல் முடிவை எழுதினார். மீன் வெளிவிடுவதைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி வெளிவிடுவதை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் காட்ட நினைத்தது. கொஞ்ச நாளில் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகள் சிலவற்றைப் பிடித்து உள்ளே போட்டார். அவை அழுகலைத் தின்றன, அவற்றின் முட்டையை மீன்கள் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நான்கே ஆண்டுகளில் பிலிப் ஹென்றி காஸ் ‘தி அக்வேரியம்’ என்ற நூலை வெளியிட, இங்கிலாந்து வீடுகளுக்குத் தொட்டிப் பித்து பிடித்தது. வரலாற்றாசிரியர்கள் மீனையும் செடியையும் கொண்டாடுகிறார்கள். குளத்திலிருந்து ஓசியில் வந்த நத்தைதான் மானத்தைக் காப்பாற்றியது என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

இனி களப்பணி. வண்ணமீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் நாடறிந்த இடம் சென்னை கொளத்தூர். தெருவை அடைத்துக் கடைகள்; வீடுகளின் பின்கட்டிலும் மாடியிலும் சிமென்ட் தொட்டிகள். ஞாயிறு காலையில் அப்பாவும் பையனும் வந்து இறங்குகிறார்கள். பையனின் விரல் காட்டும் திசையெல்லாம் வலை போகிறது. ஏஞ்சல் ஒரு ஜோடி, நியான் டெட்ரா பத்து, டைகர் பார்ப் ஆறு, கப்பி கொஞ்சம், ‘தொட்டி கிளீனர்’ என்ற பட்டப்பெயரோடு ஒரு சக்கர்.

“அண்ணே, எல்லாம் ஒரே தொட்டியில சண்ட போடாம இருக்குமா?”

“ஒண்ணும் ஆவாது சார். எல்லாம் கம்யூனிட்டி மீன்தான்.”

‘ஒண்ணும் ஆவாது’ என்பதை இங்கே கலைச்சொல்லாகக் கொள்ள வேண்டும். கடை வாசலைத் தாண்டும்வரை என்பது அதன் பொருள். ஏஞ்சலும் நியானும் ஒரே அமேசான் படுகையைச் சேர்ந்தவை என்பது உண்மை. அங்கே ஏஞ்சல் வேட்டையாடும் மீன், நியான் அதன் வாய்க்கு அளவான மீன் என்பதும் உண்மை. 1936இல் ஜார்ஜ் மையர்ஸ் நியானுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். வில்லியம் இன்னெஸ் என்ற மீன் நூலாசிரியரைக் கௌரவித்து வைத்த பெயர் அது. அந்தக் கௌரவமெல்லாம் ஏஞ்சலுக்குத் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்ததும் பத்து எட்டாகும், எட்டு ஐந்தாகும். ஏஞ்சலின் நீண்ட துடுப்பை டைகர் பார்ப் கடித்துக் கடித்து நூலாக்கும். ஒரு ஹீட்டரும் பில்லில் ஏறியிருக்கும். 20 முதல் 26 டிகிரிக்குள் சுகமாக இருக்கும் நியானுக்கு, சென்னைத் தண்ணீரில் பற்றாக்குறையாக இருப்பது குளிர்ச்சி. மே மாதம் தொட்டி தானாகவே 30 டிகிரியைத் தாண்டும். ஹீட்டர் மூலையில் நின்று வேடிக்கை பார்க்கும்.

காசுக்கு வந்தவர்களை இங்கே நிறுத்தி, ஓசியில் வந்தவர்களுக்குப் போகலாம். சுவாரஸ்யமான தரவு அங்கேதான் கிடக்கிறது.

தொட்டியின் முதல் ஓசி வாசி கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. மீனின் செவுள் வழியாக வெளியேறும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம், மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்யும். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். செடி அதை உரமாக இழுத்துக்கொள்ளும். மண்ணில் நடக்கும் இந்த இரண்டடுக்கு வேலையை 1890 வாக்கில் பிரித்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி. ஆனால் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்வதும் உண்டு என்று 2015இல் தெரியவந்தது. அந்த ஆள் அகப்பட்ட இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டி என்பதை, தொட்டி வைத்திருப்பவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். செடியின் தண்டில், மணலில், தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வரும் இவை பெருகித் தொழிலுக்குத் தயாராக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதையே புட்டியில் அடைத்தும் விற்கிறார்கள். புட்டிச் சரக்கு சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. ஓசிச் சரக்குக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

அந்த ஆறு வாரம் பொறுக்க முடியாமல்தான் ‘ஞாயிற்றுக்கிழமைப் பெருஞ்சுத்தம்’ நடக்கிறது. மீன்கள் பக்கெட்டுக்கு மாற்றப்படும். கல்லெல்லாம் அலசப்படும். ஃபில்டரின் ஸ்பான்ஜைக் கையில் எடுத்துப் பிழிந்தால் கறுத்த சேறு விரலிடுக்கில் வழியும். வீட்டம்மா முகத்தைச் சுளிப்பார். குழாயைத் திறந்து, குளோரின் கலந்த மெட்ரோ வாட்டரில், நுரை வெள்ளையாக வரும்வரை கசக்குவார்கள். அந்தச் சேறுதான் அத்தனை நாள் குடியேறிய மொத்த ஊர். மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். “நேத்துதானேங்க தண்ணி மாத்தினோம்?” என்ற கேள்வி எழும். மாற்றியதால்தான் என்ற விடை அந்த நேரத்தில் யார் காதிலும் ஏறாது. வாரத்துக்குக் கால்பங்கு தண்ணீரை மட்டும் எடுத்து, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பான்ஜை இரண்டு பிழி பிழிந்து, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை ஊற்றினால் போதும். சுத்தத்துக்கு நம் வீடுகளில் இருக்கும் செல்வாக்கின் முன் இந்தப் பரிந்துரை செல்லுபடியாவதில்லை.

செடிக்கு வருவோம். கடையில் பச்சைப்பசேல் என்று நிற்கும் பல செடிகள் நர்சரியில் தண்ணீருக்கு மேலே காற்றில் வளர்ந்தவை. தண்ணீருக்குள் இறக்கியதும் அந்தப் பழைய இலைகள் கண்ணாடியாகி, தொட்டால் கரைந்துபோகும். குறிப்பாக ‘கிரிப்டோ’ என்று கடைக்காரர்கள் செல்லமாகச் சொல்லும் கிரிப்டோகோரைன், இடம் மாறினாலே கோபித்துக்கொண்டு கரையும். வேர் உயிரோடிருக்கும், பொறுத்தால் புது இலை வரும். பொறுப்பதற்குள் அதைப் பிடுங்கி எறிந்து வேறு வாங்கப் போயிருப்பார்கள். இன்னொரு வேடிக்கை: ‘பக்கோபா’ என்று குட்டிப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து விற்கப்படுவது, வயல் வரப்பிலும் குளத்தோரத்திலும் கேட்பாரற்றுப் படரும் நம் நீர்ப்பிரமிதான். ஔவையார் மூதுரையில் உறவுக்கு உவமையாக நிறுத்திய கொட்டியின் நெருங்கிய சொந்தங்களும் ‘அப்போனோஜெட்டன் கிழங்கு’ என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. விலை போட்டதும் அவற்றுக்கும் வாட்டம் வந்துவிடுகிறது.

வாங்கிய செடி கரையும் வேளையில் வாங்காத பாசி வருகிறது. முதலில் கண்ணாடியில் பழுப்புப் படலம், விரலால் துடைத்தால் போய்விடும். பிறகு பச்சைப் புள்ளி, சுரண்டினால்தான் போகும். கடைசியில் கட்டையின் ஓரத்திலும் இலை விளிம்பிலும் கறுப்புத் தாடி, அது சுரண்டினாலும் போகாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று பன்னிரண்டு மணி நேரம் விளக்கு எரிவது இதற்கு அடிப்படைக் காரணம். ஆறு முதல் எட்டு மணி நேரம் செடிக்குத் தாராளம், மிச்ச வெளிச்சமெல்லாம் பாசிக்கு மொய். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பெட் பாட்டிலிலிருந்து டியூப் வழியாகக் கரியமிலவாயு விட்டு, பாசியோடு போட்டிபோடச் செடிக்குப் பலம் சேர்ப்பவர்களும் உண்டு.

பாசியோடு கௌரவமாகப் போராடியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து, புகைப்படக்காரராகி, 1982இல் செடித்தொட்டிக்கென்றே நிறுவனம் தொடங்கியவர். கல்லும் கட்டையும் செடியும் வைத்து மலைச்சாரலைத் தொட்டிக்குள் வரைந்தார். பாசி தின்னும் ஒரு சின்ன இறாலை அவர் பிரபலமாக்க, அதன் பெயரே அமானோ இறால் ஆகிவிட்டது. நம் கோட்பாட்டுக்கு அவர் அறியாமல் செய்த உதவி இதுதான்: அந்த இறாலின் குஞ்சு பிழைக்க உப்புக் கலந்த நீர் வேண்டும். ஆகவே நன்னீர்த் தொட்டியில் அது பெருகாது. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

நத்தைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. புதுச் செடியின் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், அடிப்பக்கத்தில் விரல் நகத்தில் பாதி அளவுக்கு வழுவழுப்பாக ஒரு கூழ். அதற்குள் குண்டூசித் தலை அளவில் புள்ளிகள். அதுதான் பயணச்சீட்டு இல்லாமல் வரும் குடும்பம். வழக்கமாக வரும் சின்னக் குமிழ் நத்தை ஆணும் பெண்ணுமாக ஒரே உடம்பில் இருக்கும், துணை கிடைக்காவிட்டால் தனியாகவே வம்சம் வளர்க்கும். மணலுக்குள் பகலெல்லாம் புதைந்து கிடக்கும் ஊசிக்கோபுர நத்தையில் பெரும்பாலும் பெண்களே. ஆண் துணையின்றியே உயிருள்ள குட்டி போடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மக்கள்தொகை விளங்கும். அதைப் பெருக்குவது வீட்டிலுள்ள நான்கு பேரும் தனித்தனியே “பாவம், பசிக்குது போல” என்று போடும் நான்கு வேளைத் தீனி.

கப்பி இரண்டு பக்கமும் சாட்சி சொல்லும். கடையில் வாங்கிய பெரிய வால் கப்பி சீக்கிரம் கண்ணை மூடும். போவதற்கு முன் போட்ட குட்டிகள், பெற்றவர்களே தின்றது போக, ஜாவா மாஸ் என்னும் நீர்ச்செடிக்குள் ஒளிந்து தப்பித்துக் கூட்டமாகும். பெண் கப்பி ஆணின் விந்தை மாதக்கணக்கில் சேமித்து வைத்துத் தவணை முறையில் குட்டி போடும். ஆண் இல்லாத தொட்டியிலும் பிரசவம் நடப்பதைப் பார்த்து வீட்டார் திகைப்பது இதனால்தான்.

கோட்பாட்டை மறுப்பவர்கள் சக்கரைக் காட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கியதுதானே, சாகவில்லையே என்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டங்குலத்தில் வந்த சக்கர், பாசி தின்பதைக் குறைத்துக்கொண்டு ஓரடிக்கு மேல் வளரக்கூடியது; கிளீனர் என்று வந்தது போடும் கழிவைச் சுத்தம் செய்ய இன்னொரு கிளீனர் வேண்டும். ஒரு நாள் மனமிரங்கிப் பக்கத்து ஏரியில் விடுகிறார்கள். அங்கேதான் அது உண்மையாகக் கொழிக்கிறது. தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் மீனவர் வலையை நாசம் செய்யும் அளவுக்குப் பெருகிவிட்டது. விலைக்கு வாங்கப்பட்டபோது ஒற்றை ஆள், ஓசியில் விடப்பட்டதும் ஒரு வம்சம். மறுப்பு இங்கே ஆதாரமாகிவிடுகிறது.

இதே கதை ஹைட்ரில்லாவுக்கும். பள்ளிக்கூடத்தில் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் குமிழி பிடித்த அதே ஹைட்ரில்லா. 1950களில் இலங்கையிலிருந்து தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், சேரவில்லை என்று கால்வாயில் கொட்டப்பட்டது. இன்று அந்நாட்டு ஏரிகளில் அதை அடக்கப் பெரும் பணம் செலவாகிறது.

எனவே ஆய்வின் பரிந்துரை எளிது. தொட்டி தொடங்குபவர் கடைக்குப் போகும் முன், ஏற்கெனவே வைத்திருக்கும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போக வேண்டும். அவருடைய அழுக்கு ஸ்பான்ஜில் பாதி, அவர் வெட்டி எறியப்போகும் நாடாச்செடி ஒரு பிடி, அவருக்குச் சுமையாகிவிட்ட கப்பிக் குட்டி கொஞ்சம். பழைய ஸ்பான்ஜ் வந்தால் ஆறு வாரக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார். நத்தையையும் சேர்த்தே தருவார்.

நேர்மை கருதி, கோட்பாட்டுக்கு அடங்காத ஒரே ஒரு தரவையும் பதிவு செய்தாக வேண்டும். அதே நண்பர், பரணில் நாலு வருடம் காய்ந்து கிடந்த தன் பழைய தொட்டியையும் “சும்மாதாண்டா கெடக்குது, எடுத்துட்டுப் போ” என்று தூக்கிக் கொடுப்பார். ஓசியில் வந்த தொட்டி ஓங்குவதில்லை, ஒழுகுகிறது. மூலையில் சிலிகோன் பசை காய்ந்து விட்டுக்கொடுத்திருப்பது, செடியெல்லாம் நட்டு முடித்து, 56 லிட்டரும் நிரம்பி, குடும்பமே சோபாவில் வரிசையாக உட்கார்ந்து ரசிக்கும்போதுதான் தெரியவரும். அதுவும் கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, “சார், உங்க பாத்ரூம்ல ஏதாச்சும் பைப் லீக்காகுதா?” என்று கேட்ட பிறகு.