தோற்றவனுக்கு மாலை

ஐரோப்பிய சூப்பர் கப் ஒரு காலத்தில் ரொம்ப எளிமையான ஏற்பாடு. ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்ற கிளப்பும், உள்நாட்டுக் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியில் ஜெயித்த கிளப்பும் மோதும். அவரவர் ஊரில் ஒன்றாக இரண்டு ஆட்டம். இரண்டையும் கூட்டி, கோல் அதிகம் உள்ளவருக்குப் பட்டம். கலந்துகொள்ள ஒரே தகுதி, ஏதாவது ஒன்றை ஜெயித்திருக்க வேண்டும். 1993-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா அந்தத் தகுதியையும் தளர்த்தி எளியவர் ஒருவருக்குக் கருணை காட்டியது. அந்த எளியவர், ஏசி மிலான் முதலாளி சில்வியோ பெர்லுஸ்கோனி.

நடந்தது இது. 1993 மே 26, மியூனிக். பசீல் போலி தலையால் முட்டிய ஒரே கோலில் மார்செய் கிளப் மிலானை வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. ஆறு நாள் முன்பு அதே மார்செய்க்கு வலென்சியென் அணியுடன் உள்ளூர் லீக் ஆட்டம். இறுதிப் போட்டிக்கு முன்னால் நம் பிள்ளைகளின் காலில் அடி பட்டுவிடக் கூடாது, லீக் பட்டமும் கைநழுவக் கூடாது என்ற தாயுள்ளத்தோடு, எதிரணி ஆட்டக்காரர்களுக்குப் பணம் பேசப்பட்டது. அதில் 2,50,000 பிராங்கைப் பிறகு போலீஸ் ஓர் ஆட்டக்காரரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் தோண்டி எடுத்தது. மார்செய்யின் முதலாளி பெர்னார் தப்பி அந்த ஆண்டு மார்ச் வரை பிரெஞ்சு அமைச்சரவையில் இருந்தவர். வழக்கு விசாரணையில் பொய் சொன்னதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அது நல்லெண்ணத்தோடு சொன்ன பொய் என்றார்!

யூஃபா என்ன செய்தது? மார்செய்யை அடுத்த ஆண்டுப் போட்டியிலிருந்தும் சூப்பர் கப்பிலிருந்தும் விலக்கி, சூப்பர் கப் இடத்தை இறுதியில் தோற்ற மிலானுக்குக் கொடுத்தது. ஐரோப்பியப் பட்டத்தை மட்டும் பறிக்கவில்லை. அதாவது கோப்பை சுத்தமானது, அதைத் தூக்கிய கைதான் அழுக்கு. முகூர்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையைப் போலீஸ் கொண்டுபோய்விட, பெண் வீட்டார் ஏற்கெனவே வேண்டாமென்று திருப்பி அனுப்பிய வரனைக் கூப்பிட்டு மணையில் உட்கார வைத்தார்கள். பத்திரிகையில் பழைய மாப்பிள்ளை பெயர் அப்படியே இருந்தது.

இங்கே பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினைப் பாராட்டலாம் என்று தோன்றும். லீக்கில் இரண்டாவதாக வந்த அந்த அணி, மார்செய்யின் ஐரோப்பிய இடம் தேடி வந்தபோது வேண்டாம் என்றது. அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். கிளப் ஒரு கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்தின் கையில் இருந்தது. மார்செய் பக்கத்துச் சந்தாதாரர்கள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற பயம். ஆக, அந்த விவகாரத்தில் கொஞ்சமேனும் மானமாகத் தெரிந்த ஒரு முடிவும் சந்தாக் கணக்கில் பிறந்ததுதான்.

மிலானுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 1994 ஜனவரி 12 அன்று, எதிரணியான பார்மா கிளப்பின் ஊரில் முதல் ஆட்டம். மிலான் 1–0. கோல் அடித்தவர் ஷான்-பியேர் பாபான். அதற்கு முன் ஆறு சீசன் மார்செய்க்காகக் கோல் அடித்தவர். உள்ளே விடப்படாத கிளப்பின் பழைய ஆளே வந்து கணக்கைத் தொடங்கி வைத்தார்.

இரண்டாவது ஆட்டம் பிப்ரவரி 2. நடுவில் இருந்த மூன்று வாரத்தைப் பெர்லுஸ்கோனி வீணாக்கவில்லை. ஜனவரி 26 அன்று, தன் சொந்தத் தொலைக்காட்சிகளில், தான் அரசியலில் இறங்குவதாக அறிவித்தார். கட்சிக்குப் பெயர், இத்தாலிய அணிக்கு ரசிகர்கள் போடும் கோஷம். மார்ச்சில் தேர்தல் வெற்றி, மே மாதம் பிரதமர். தோற்றும் சாம்பியன் இடத்தில் உட்காரலாம் என்று பார்த்துவிட்ட மனிதருக்கு ஜெயித்தால் எங்கே உட்காரலாம் என்று சொல்லித்தரவா வேண்டும்?

சான் சீரோவில் பார்மா கூடுதல் நேரத்தில் 2–0 என வென்றது. இரவல் சாம்பியன் சொந்த மண்ணில் மண்ணைக் கவ்வினார். நியாயம் வென்றது என்று எழுதத்தான் ஆசை. பார்மாவின் முதலாளி பார்மலாட் பால் நிறுவனத்துக் கலிஸ்தோ தான்சி. 2003 டிசம்பரில் அந்த நிறுவனம் சரிந்தபோது, வங்கியில் இருப்பதாகக் காட்டிய கிட்டத்தட்ட 400 கோடி யூரோ போலிக் கடிதம் என்று தெரிந்தது. மொத்த ஓட்டை சுமார் 1,400 கோடி யூரோ. கடன் பத்திரம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் சேமிப்பைத் தொலைத்தார்கள். அந்தப் பாலில் தண்ணீராவது கலந்திருந்தால் பரவாயில்லை. கலக்கப் பாலே இல்லை.

ஆக, ஒரு கோப்பைக்கு மூன்று முதலாளிகள். மூவருக்கும் பிற்காலத்தில் தண்டனை. தப்பிக்கு எட்டு மாதச் சிறை. தான்சிக்கு ஒரு வழக்கில் 10 ஆண்டு, இன்னொன்றில் 18. பெர்லுஸ்கோனிக்கு 2013-ல் வரி மோசடிக்காக நான்கு ஆண்டு. சலுகைகள் போக மிச்சத்தை, வாரம் ஒருமுறை முதியோர் இல்லத்துக்குப் போய்வந்து கழித்தார். மிலான் கிளப்புக்கு லென்தீனி என்ற ஆட்டக்காரரை வாங்கியதில் பொய்க் கணக்கு என்று ஒரு வழக்கும் அவர் மேல் இருந்தது. 2002-ல் அவருடைய அரசாங்கமே பொய்க் கணக்குச் சட்டத்தை இளக்க, வழக்கு காலாவதியானது. ஆட்டக்காரனை விலைக்கு வாங்குகிறவர்கள் உண்டு, நடுவரை வாங்குகிறவர்களும் உண்டு. விதிப்புத்தகத்தையே எழுதிக்கொண்டவர் இவர்.

இந்தக் கூட்டத்தில் பேரத்துக்கு மசியாதவர் ஒருவர் இருந்தார். வலென்சியென் தடுப்பாட்டக்காரர் ஜாக் கிளாஸ்மான். பேரம் வந்ததும் பயிற்சியாளரிடம் சொன்னார். இடைவேளையில் விஷயம் நடுவர் காதுக்கும் போனது. அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு? பிரான்ஸ் முழுவதும் மைதானத்துக்கு மைதானம் அவரைப் பார்த்துச் சீட்டி, ஊளை. காசு வாங்கியவன் பாவம், வாய்திறந்தவன் துரோகி! வலென்சியெனை விட்டபின் பெரிய கிளப் எதுவும் அவரைச் சீந்தவில்லை. கடைசியில் இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் போய்ச் சிறு கிளப்பில் ஆடினார். 1995-ல் ஃபிஃபா அவருக்கு நேர்மையான ஆட்டத்துக்கான விருதை நீட்டியது. சூப்பர் கப்பில் ஓர் இடம் காலியானபோது மட்டும் உடனே நிரப்ப ஆள் கிடைத்தது. கிளாஸ்மானுக்கு ஒரு தடுப்பாட்டக்காரன் இடம் கொடுக்க ஐரோப்பாவில் ஒரு பெரிய கிளப் இல்லை.