சென்னை மெட்ரோ ரயில் நிறுவனத்துக்குத் தென்காசியிலிருந்து ஒரு பாராட்டு மடல்

மாண்பமை நிறுவனத்தாருக்கு,

2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் மாநகரப் பேருந்து ஒன்றையும் கார் ஒன்றையும் ஒருங்கே பூமிக்குள் இறக்கி, ரயில் ஓடுமுன்பே பொதுமக்களுக்குச் சுரங்கத்தைக் காட்டிய பெருமை இந்நிறுவனத்துக்கே உரியது என்பதை, நூறாண்டுக்கு மேல் சுரங்கத்தோடு பழகிய தென்காசி வட்டாரம் மனமார ஒப்புக்கொள்கிறது.

சுரங்கம் துளைக்கும் இயந்திரம், முகப்பில் மண்ணின் அழுத்தத்துக்கு ஈடாக எதிரழுத்தம் கொடுத்துக்கொண்டே முன்னேறி, பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பொருத்தி, வளையத்துக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள சந்தில் சிமெண்ட் கலவையைச் செலுத்துகிறது. இவற்றில் எது பிசகினாலும் அளவுக்கு மிஞ்சி மண் உள்ளே வந்துவிடும். பொறியாளர்கள் 'மண் இழப்பு' என்னும் இம்மிகுதி, சுமார் 6.6 மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தில் வெறும் 1 சதவீதமே ஆனாலும், ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 340 லிட்டர், அதாவது இருபது குடத்துக்கு மேல். மேலே தரை அகன்ற தொட்டிபோல் தாழ்ந்து அக்கணக்கை நேர்செய்துகொள்கிறது. வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் சேதம் பெரிதில்லை. தொட்டியின் சரிவில் நிற்கும் வீட்டின் ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடுகிறது. பைல் எனப்படும் ஆழ்தூண் அடித்தளமும், தன் அடிமுனைக்குக் கீழே மண் தளர்ந்தால் தாங்குவலுவை இழக்கிறது. பழைய சாக்கடைக் குழாய்கள் வளைந்து இணைப்பு விடுகின்றன.

சென்னை தனித்து வெட்கப்பட வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தாவின் பௌபஜாரில் மெட்ரோ சுரங்கம் துளைத்த இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகையைக் குத்த, நீரும் மணலும் சுரங்கத்துக்குள் பாய்ந்து, மேலிருந்த பழைய வீடுகள் இடிந்தன. 2022 மே மாதம் அதே வட்டாரம் மீண்டும் விரிசல் கண்டது.

எங்கள் பக்கத்துச் செங்கோட்டை–புனலூர் ரயில்பாதையோ 1904 முதல் பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலையைக் குடைந்தே செல்கிறது. 2018இல் அகலப்பாதையாகவும் மாறிவிட்டது. கடும்பாறை பெரும்பாலும் தன் வலுவிலேயே நிற்குமாதலால் அங்கே மண் இழப்புத் தொல்லை இல்லை. மேலே குடியிருக்கும் யானைக்கும் மந்திக்கும் பட்டா இல்லாததால் விரிசல் மனுவும் இல்லை. 1990இல் மீண்டும் எழுந்த காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தின் அடியில் எந்த இயந்திரமும் இல்லை என்பதில் தென்காசிக்கு இருக்கும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

சென்னையில் துளைப்புக்கு முன் வீடுவீடாகப் படம் பிடித்து நடத்தும் நிலவரப் பதிவு, வீட்டுக்காரருக்கு அவருடைய சுவரின் பழைய குற்றங்களை அறிமுகப்படுத்தும் அரிய சேவை. அதன் நகலொன்றை அவரிடமே கொடுத்தால் சேவை முழுமை பெறும். விரிசலின் குறுக்கே ஒட்டப்படும் கண்ணாடித் துண்டு, உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது என்று படிக்காதவருக்கும் சொல்லிவிடும். அவ்வளவு வெளிப்படையாக, தரை தாழ்ந்த அன்றாட அளவையும் தெருமுனைப் பலகையில் எழுதிவைக்கலாம். அளவு 'அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்' இருப்பதாக எழுத நேரும் நாள்களில், அவ்வரம்பை அனுமதித்தவர் யார், வீட்டுக்காரர் அதில் கையெழுத்திட்டாரா என்பதையும் கீழே ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
தென்காசி, குற்றாலம் வட்டாரத்தார்