கேள்வி-பதில்: ஆணிக்கு இங்கே வேலை இல்லை

கேள்வி: அவுட்போர்டு எஞ்சினின் புரொப்பல்லரைக் கழற்ற நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? (தொண்டி வாசகர்)

பதில்: இடப்பக்கம். அதற்கு முன்னால் நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை உருவிவிட்டீர்கள்தானே?

கேள்வி: ஷியர் பின் உடைந்த இடத்தில் ஓர் ஆணியை வெட்டிப் போட்டேன். மூன்று வருஷமாக ஓடுகிறது. ஆணி என்றாலே நீங்கள் ஏன் இப்படிச் சீறுகிறீர்கள்? (நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: சீறத்தான் செய்வேன். சின்ன எஞ்சின்களில் ஷாஃப்டையும் புரொப்பல்லரையும் பிணைத்து வைத்திருப்பது குறுக்கே செருகிய ஒரு சிறு பின்தான். பாறையிலோ மணல்திட்டிலோ இறக்கை மோதினால் அந்தப் பின் முறிய வேண்டும். முறிவதற்கென்றே அளவும் உலோகமும் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அது முறிந்தால் நஷ்டம் ஒரு பின். முறியாவிட்டால் அதே அடி ஷாஃப்ட் வழியாக உள்ளே போய் கியர் பல்லைப் பதம் பார்க்கும். வீட்டு ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டு, 'இப்போதெல்லாம் ஃபியூஸே போவதில்லை' என்று நிம்மதியாக இருப்பவரும் நீங்களும் ஒரே கட்சி. மூன்று வருஷம் ஓடியது ஆணியின் பெருமையல்ல. அந்த மூன்று வருஷத்தில் உங்கள் புரொப்பல்லர் எதிலும் பலமாக மோதவில்லை, அவ்வளவுதான். மோதாத நாளில் எந்த இரும்பும் நல்ல இரும்புதான். மோதும் நாளுக்காகத்தான் பின்னே இருக்கிறது.

'நடுக்கடலில் பின் முறிந்தால் நான் என்ன செய்ய?' என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இரண்டு உதிரி ஷியர் பின், இரண்டு காட்டர் பின், ஒரு குறடு, ஒரு ஸ்பேனர். இவை ஒரு சின்ன டப்பாவில் அடங்கும். ஆணி மெலிதாக இருந்தால் தேவையில்லாத இடத்தில் அறுந்து, பாறைப் பக்கமே உங்களை நிறுத்திவிடும். தடிமனாக இருந்தால் அறவே அறாது. இரண்டுக்கும் நடுவே சரியாக அமைந்துவிட்டாலும் உப்புத் தண்ணீர் விடாது. துரு ஏறி ஊதி, துளைக்குள் இறுகி, பிறகு அதை எடுக்கச் சுத்தியலைத் தேடுவீர்கள். சுத்தியலைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பொறுங்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பல்லர் போட்டால் கௌரவமா? (ராமேஸ்வரம் வாசகர்)

பதில்: ஆழ்கடலில் கௌரவம். பாறையும் பவளமும் உள்ள தண்ணீரில் கியர் பாக்ஸுக்குச் செலவு. வளைந்து கொடுக்கும் அலுமினியமே எனக்குப் பிடித்த சாதி.

கேள்வி: புரொப்பல்லர் உடைந்தால் மாற்றலாம். உடையாமலே ஏன் கழற்ற வேண்டும்? கையை வைத்தால்தான் கோளாறு வரும் என்பார்களே? (கடியபட்டணம் வாசகர்)

பதில்: இந்த வாரக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கையை வைக்காமலே வரும் கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். கடலில் கிடக்கும் தங்கூஸ் நரம்பு சுழலும் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு, புரொப்பல்லருக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையிலுள்ள வாஷரின் பின்பக்கமாக நுழைந்துவிடும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். சீல் போனால் எண்ணெய் வெளியேறும், உப்புத் தண்ணீர் உள்ளே புகும். கியர் ஆயிலை வடிக்கும்போது அது வெளுத்துப் பால் நிறத்தில் வந்தால், தண்ணீர் குடிவந்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். பேரிங்கும் கியரும் துருப்பிடித்து எஞ்சின் பட்டறைக்குப் போகும்போது, அத்தனைக்கும் காரணமான நரம்பு ஒரு முழம்கூட இருக்காது. அதைக் கண்ணால் பார்க்க ஒரே வழி, புரொப்பல்லரை உருவிவிட்டுப் பார்ப்பதுதான். வலையும் தூண்டிலும் புழங்கும் கடலில் ஓடும் எஞ்சினுக்கு மாதம் ஒருமுறை இது அவசியம். நரம்பு சிக்கியது என்று தெரிந்தால் அன்றைக்கே.

இன்னொரு காரணமும் உண்டு. சற்றே பெரிய எஞ்சின்களில் ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் பற்கள் இருக்கும். புரொப்பல்லரின் உட்பக்கம் அந்தப் பற்களில் பொருந்தி உட்கார்ந்திருக்கும். தண்ணீர் பட்டாலும் கரையாத மெரைன் கிரீஸை அங்கே தடவி வைத்தால், அடுத்த முறை கையால் இழுத்தாலே வந்துவிடும். தடவாமல் விட்டால் உப்பும் துருவும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக ஒட்டிவிடும். அப்போதுதான் சுத்தியல் மேடையேறுகிறது. இறக்கையில் அடித்தால் இறக்கை கோணும். ஷாஃப்ட் முனையில் அடித்தால் திருகுமரை நசுங்கும். எங்கே அடித்தாலும் அதிர்ச்சி பேரிங்குக்குத்தான் போகும். ஆக, 'கையை வைத்தால் கோளாறு' என்ற பேச்சு பிறந்ததே, வருஷக்கணக்கில் கையை வைக்காமல் இருந்துவிட்டு ஒருநாள் சுத்தியலோடு வந்தவர்களால்தான். கிராஃபைட் கலந்த கிரீஸ் மட்டும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் அது அலுமினியத்தை அரிக்கத் தூண்டும்.

கேள்வி: புரொப்பல்லரைக் கண்டுபிடித்தவர் யார்? போட்டித் தேர்வுக்காகக் கேட்கிறேன். (மதுரை வாசகர்)

பதில்: தேர்வுக்கு ஒரே பெயர் வேண்டும் என்றால் நான் உதவ முடியாது. ஆஸ்திரியப் பேரரசில் யோசப் ரெஸ்ஸல் 1827இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தும் ஜான் எரிக்சனும் 1836இல் தனித்தனியே வாங்கினார்கள். எனக்குப் பிடித்தவர் ஸ்மித். அவருடைய புரொப்பல்லர் மரத்தாலான நீண்ட திருகு. இரண்டு முழுச் சுற்று கொண்டது. 1837இல் பாடிங்டன் கால்வாயில் சோதனை ஓட்டத்தின்போது அது எதிலோ மோதிப் பாதி உடைந்து போனது. படகு நின்றிருக்க வேண்டும், இல்லையா? முன்னைவிட வேகமாக ஓடியது! அவ்வளவு நீளம் தேவையே இல்லை என்பதை, உடைந்து விழுந்த பாதி அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, திருகு வைத்த 'ராட்லர்' கப்பலையும் துடுப்புச் சக்கரம் வைத்த 'அலெக்டோ'வையும் பின்பக்கத்தோடு பின்பக்கமாகக் கட்டி இழுக்கவிட்டபோது, ராட்லர் அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அதோடு முடியவில்லை. சார்லஸ் பார்சன்ஸ் 1894இல் 'டர்பினியா' என்ற படகில் நீராவி டர்பைனை வைத்து, ஒரே புரொப்பல்லரோடு கடலில் இறக்கினார். எஞ்சினில் பலம் இருந்தும் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. இறக்கை மிதமிஞ்சிய வேகத்தில் சுழன்றதால் அதைச் சுற்றித் தண்ணீர் ஆவிக்குமிழிகளாகக் கிழிந்து, பிடிமானமே இல்லாமல் போயிருந்தது. பார்சன்ஸ் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டு உட்காரவில்லை; தண்ணீர்த் தொட்டி கட்டிக் குமிழிகளை ஆராய்ந்தார். கடைசியில் மூன்று ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் மூன்று என ஒன்பது புரொப்பல்லர் வைத்தார். 1897இல் விக்டோரியா ராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், பிடிக்க முடியாத வேகத்தில் டர்பினியா போர்க்கப்பல்களுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. அது எட்டிய வேகம் 34 நாட். எஞ்சின் பலம் எத்தனை இருந்தாலும் அதைத் தண்ணீரில் செலவழிப்பது புரொப்பல்லர்தான். கழற்றி மாற்றிப் பார்க்கத் துணிந்தவர்களுக்குத்தான் அது வசப்பட்டது.

கேள்வி: அவுட்போர்டு எஞ்சினைக் கண்டுபிடித்தவர் எவின்ரூட்தானே? (அதே மதுரை வாசகர்)

பதில்: அவருக்கு முன்பே கேமரன் வாட்டர்மன் செய்துவிட்டார். 1909இல் தொடங்கி ஊரெல்லாம் விற்றுக் காட்டியவர் ஓலே எவின்ரூட். தேர்வு நன்றாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வெளியிணைப்பு இயந்திரம் நன்றாகச் சத்தமிடுகிறது, வேகம் கூட்டினால் படகு மட்டும் போகுதில்லை. இயந்திரம் பழுதோ? (பருத்தித்துறை வாசகர்)

பதில்: இயந்திரத்தைத் திறக்க முன் புரொப்பல்லரைப் பாருங்கள். உள்குழாய்க்கும் இறக்கைப் பகுதிக்கும் இடையே ஒரு ரப்பர் புஷ் இருக்கும். ஷியர் பின் செய்கிற தியாகத்தைச் சற்றே பெரிய இயந்திரங்களில் செய்வது அதுதான். மோதலில் அது பிடி விட்டால், உள்குழாய் சுழலும், இறக்கை பின்தங்கும். சந்தேகம் தீர ஒரு சுலபமான சோதனை: உள்குழாயிலிருந்து வெளிவிளிம்பு வரை நேர்கோடு ஒன்று பெயின்ட்டால் இழுங்கள், பெயின்ட் காய்ந்ததும் ஓடிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது. இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: புரொப்பல்லரில் 9¼ × 10 என்று போட்டிருக்கிறது. என்ன விலையா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: விலை அதைவிட அதிகம். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். ஒரு முழுச் சுற்றில், நழுவாமல் போனால், 10 அங்குலம் முன்னேறும் என்று பொருள். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் விகிதம் 2.08 என்றால், புரொப்பல்லர் சுற்றுவது சுமார் 2400. கணக்குப்படி மணிக்கு 36 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். தண்ணீரில் நழுவல் உண்டு, ஆகவே நிஜ வேகம் குறையும். வலையும் மீனும் ஏற்றிய படகில் இன்னும் குறையும். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் சுற்று 150 முதல் 200 வரை கூடும். முழு ஆக்ஸிலரேட்டரில் எஞ்சின், கையேட்டில் சொன்ன சுற்றை எட்டாமல் திணறினால் பிட்ச் அதிகம். தாண்டிக் கதறினால் குறைவு. வெறும் படகை வைத்துப் புரொப்பல்லரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் சுமையோடுதானே கரை திரும்புகிறீர்கள்?

கேள்வி: வலையை எடுக்கும்போது என் தம்பி எஞ்சின் பக்கமாகத் தண்ணீரில் விழுந்துவிட்டான். தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. நியூட்ரலில்தான் இருந்தது, ஆபத்தில்லை என்கிறான். உண்மையா? (மண்டபம் வாசகர்)

பதில்: உண்மையில்லை. நியூட்ரலில் கியர் பிணைப்பு இல்லாவிட்டாலும், எண்ணெயின் இழுப்பிலேயே புரொப்பல்லர் மெல்லச் சுழலக்கூடும். கை பட்டோ கால் பட்டோ லிவர் நகர்ந்தால் கியர் விழுந்துவிடும். மூன்று இறக்கைப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 3200 சுற்று சுற்றினால், ஒரு நொடியில் 160 வெட்டு. மனிதன் கையை இழுத்துக்கொள்ள அவகாசமே கிடையாது. ஆகவே ஆள் தண்ணீரில் என்றால் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், நியூட்ரல் போதாது. ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானே நிற்பதற்காக, நிறுத்தும் சுவிட்சோடு ஒரு சிவப்புக் கயிறு கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான இயந்திரப் படகுகளில் அதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். 'கயிறு மாட்டினால் வலை இழுக்க இடைஞ்சல்' என்பார்கள். மாட்ட வேண்டியது பிடியைப் பிடித்திருப்பவர் மட்டும். வலை இழுக்கும் நேரத்தில் எஞ்சின் ஓட வேண்டிய அவசியம் இல்லை என்றால் அதை அணைத்துவிடுங்கள். தம்பியிடம் இதைக் கோபமில்லாமல், இன்றைக்கே சொல்லுங்கள்.

புரொப்பல்லரைக் கழற்றுகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. 'பேட்டரியே இல்லாத, கயிறு இழுக்கும் எஞ்சின், தானாக எப்படி ஓடும்?' என்று சொல்பவர்களுக்கு: அதன் தீப்பொறி பிறப்பது ஃப்ளைவீலின் காந்தத்தில். கியரில் இருக்கும்போது புரொப்பல்லரைக் கையால் சுழற்றினால் ஃப்ளைவீலும் சுழலும். அதனால் முதலில் நியூட்ரல், சிவப்புக் கயிறு வெளியே, ஸ்பார்க் பிளக் வயர் கழற்றி ஓரமாக. பிறகு இறக்கைக்கும் மேலே உள்ள தட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை. கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகாதீர்கள்.

கேள்வி: புரொப்பல்லரின் பின்னாலிருந்த பெரிய வாஷரை எந்தப் பக்கமாகப் போடுவது? (காரைக்கால் வாசகர்)

பதில்: உட்சரிவு உள்ள பக்கம் கியர் பாக்ஸைப் பார்த்து, ஷாஃப்டின் சரிவில் போய் உட்கார வேண்டும். கிரீஸில் ஒட்டிப் புரொப்பல்லரோடு வந்து தண்ணீரில் விழுகிற முதல் சாமான் இதுதான். கீழே ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நட்டை இறுக்கிவிட்டேன், ஆனால் நட்டின் வெட்டும் ஷாஃப்டின் துளையும் நேராக வரவில்லை. கொஞ்சம் தளர்த்தலாமா? (பழவேற்காடு வாசகர்)

பதில்: தளர்த்தாதீர்கள். இன்னும் சற்று இறுக்கி, அடுத்த வெட்டைத் துளைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பிறகு துருப்பிடிக்காத புதிய காட்டர் பின்னைச் செருகி, இரு கால்களையும் எதிரெதிராக மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் மடிந்த இடத்திலேயே முறியும். கடையில் பின் இல்லை என்றால் படகை நாளைக்கு இறக்கிக்கொள்ளலாம், ஆணி வேண்டாம்.