பல்லியும் பரமதத்தனும்

காரைக்காலில் பெண்டாட்டிக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடியவர்களில் மூத்தவர் பரமதத்தன். பெரியபுராணம் சாட்சி. நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. புனிதவதியைக் கட்டிக்கொண்டு இங்கேயே வியாபாரம் பார்த்துவந்தவர். ஒருநாள் தனக்கு வந்த இரண்டு மாம்பழங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்கு அந்த அம்மாள் ஒன்றைப் போட்டுவிட்டார். பிறகு சாப்பிட வந்த கணவர் மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டு, இன்னொன்று எங்கே என்றார். அம்மாள் ஆண்டவனை வேண்ட, கையில் பழம் வந்தது. முந்தையதைவிட ருசி. இது ஏது என்று கேட்டார், அம்மாள் உள்ளதைச் சொன்னார். அப்படியானால் இன்னொன்று வரவழை பார்ப்போம் என்றார். வந்தது. இவர் கையில் வாங்கியதும் மறைந்தது.

அவ்வளவுதான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்று வெலவெலத்துப் போனவர், வியாபாரத்துக்கென்று கப்பலேறி, பாண்டிய நாட்டில் குடியேறி, அங்கே வேறு கல்யாணமும் செய்துகொண்டார். பிறந்த பெண்ணுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? புனிதவதி! எதற்குப் பயந்து ஓடினாரோ அதன் பெயரையே தினம் நாலு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பயத்தின் லட்சணமே இதுதான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. அவர் பயந்தது தெய்வத்துக்கு. நான் பயப்படுவது பல்லிக்கு.

எங்கள் கூடத்துச் சுவரில் தினத்தாள் காலண்டர் ஒன்று தொங்குகிறது. காலையில் தாள் கிழிப்பது குடும்பத் தலைவனின் வேலை. எனக்கென்று வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரமும் அதுதான். அந்தக் காலண்டர் அட்டைக்குப் பின்னால் பல்லி குடிவந்தது. அட்டையின் கீழ் விளிம்பில் வால் நுனி மட்டும் தெரியும், சில சமயம் லேசாக ஆடும். அன்றோடு எங்கள் வீட்டில் தேதி நின்றுபோனது. "என்னங்க, பிரதோஷம் போயிடுச்சாமே, நம்ம வீட்டுல இன்னும் தசமின்னு காட்டுது?" என்றாள் மனைவி. எனக்கு நாள் கிழமையில் நம்பிக்கை குறைந்துவருகிறது என்று பகுத்தறிவு பேசிச் சமாளித்தேன்.

குளியலறை தனி அத்தியாயம். உள்ளே போவதற்கு முன் விளக்குமாற்றுக் கட்டையால் கதவைத் தட்டி முன்னறிவிப்பு கொடுப்பேன். முகத்துக்கு சோப்புப் போடும்போது ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பேன். ஒருமுறை துணிந்து விளக்குமாற்றால் ஓங்கி அடித்ததில் வால் மட்டும் அறுந்து விழுந்து துடித்தது. எதிரி அந்த வாலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பல்லி தப்பிக்க வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. இங்கே பல்லிக்கு முன்னால் எதிரி தப்பித்துவிட்டதால், யாருக்காகத் துடிக்கிறோம் என்று தெரியாமல் அந்த வால் வெகுநேரம் துடித்துக்கொண்டிருந்ததாக மனைவி சொன்னாள்.

2000-இல் வந்த 'தெனாலி' படத்தில் கமல்ஹாசன் கண்டதற்கெல்லாம் நடுங்கியபோது தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். மனைவி மட்டும் திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனக்குறை வேறு. பக்கத்திலேயே திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து நளன் தீர்த்தத்தில் முழுகுகிறார்கள்; யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. சனிக்குப் பயந்தால் பக்தி, பல்லிக்குப் பயந்தால் கேலி. சனி பகவானாவது இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறார், அதற்கும் பஞ்சாங்கத்தில் தேதி போட்டிருக்கிறது. என் வீட்டுப் பல்லி பெயர்வதாகவே இல்லை. அதே பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று உச்சி முதல் பாதம் வரை பட்டியல் இருக்கிறது. சின்ன வயதில் அதை அம்மா உரக்கப் படிக்கக் கேட்டே வளர்ந்தவன் நான். உடம்பில் இத்தனை இடத்தில் விழ வாய்ப்பிருக்கிறதா என்ற மலைப்பு அப்போது பிடித்தது.

கடைசியில் மனநல மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் சிரிக்கவில்லை. அதுவே பாதி வைத்தியம். "பல்லி உங்களை என்ன செய்துவிடும்?" என்றார். கடிக்குமா, இல்லை. விஷமா, வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. கொசுவையும் பூச்சியையும் தின்று உபகாரம்தான் செய்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கால் ஓடுகிறதே, அதற்குப் பெயர்தான் போபியா என்றார். மூளைக்குள் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறதாம். புத்தி யோசித்து முடிப்பதற்குள் அது ஆபத்து மணியை அடித்துவிடுமாம். ஓடினோமா, படபடப்பு உடனே தணிகிறது. ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்கெழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது. ஓடாமல் நின்றால்? கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானே இறங்கும். அதை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை, அதற்குள் வாசலுக்கு வந்திருப்பேன்.

1924-இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினாராம். பயல் கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான். பிற்பாடு ஜோசப் வோல்ப் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் இதைப் படிப்படியான வைத்தியமாக வகுத்து 1958-இல் புத்தகமே போட்டார். பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று போட்டுக்கொண்டு, குறைந்த மார்க்கிலிருந்து ஏணி ஏறவேண்டும். நான் படிப்பில் வாங்காத மார்க்கெல்லாம் இதில் வாங்கினேன்.

ஏணி என்றதும் காஞ்சிபுரம் ஞாபகம் வந்தது. வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லி தோஷம் போக, படியேறி விதானத்திலிருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் கையால் தொடுகிறார்கள். வோல்புக்கு முன்பே நம் ஆட்கள் ஏணி போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரும் லேசுப்பட்டதில்லை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவின் தொடக்கமே மாப்பிள்ளை அழைப்புதான். ஓடிப்போன பரமதத்தனை மேளதாளத்தோடு அழைத்துவந்து, வருஷா வருஷம் அதே பெண்ணுக்குக் கட்டிவைக்கிறோம். மறுபடி ஓட விட்டால்தானே!

நாகூர்ப் பக்கத்திலிருந்து வாஞ்சூர் எல்லை மதுக்கடைக்கு வந்து, காசு கொடுத்துத் தைரியம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்தக் குறுக்குவழி ஆகுமா என்று மருத்துவரிடம் நைசாகக் கேட்டேன். ஆகாதாம். பாட்டில்தான் காப்பாற்றியது என்று மூளை அதை வேறு தனியாக எழுதிக்கொள்ளுமாம். மனைவி முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

வைத்தியம் அவள் மேற்பார்வையில் நடந்தது. முதலில் செல்போனில் பல்லிப் படம், நாலு வாழைக்காய் பஜ்ஜியுடன். பிறகு கூடத்து வாசற்படியில் நாற்காலி, பஜ்ஜி. நாற்காலி நாளுக்கு நாள் ஒரு முழம் முன்னேறியது, என் வயிறும் கூடவே முன்னேறியது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், எழுந்திருக்கப் பார்ப்பேன். "உக்காருங்க, எண்ணெய் காய்ஞ்சிட்டிருக்கு" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். உட்கார்ந்திருந்தால் உண்மையிலேயே இறங்குகிறது. சத்தியமாக.

ஒரு காலையில் கை நீட்டித் தாளைக் கிழித்துவிட்டேன். ஒரு தாள் இல்லை, தேங்கிப்போன தசமி முதல் அன்றைய தேதி வரை மொத்தமாக. வால் நுனி உள்ளே இழுத்துக்கொண்டது. பயந்தது அது!

பல்லியைக் கையில் எடுக்கும் மேல்படி எப்போது என்று வீறாப்பாகக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், அப்புறம் அந்தக் கையோட சோத்துல கைவைப்பீங்க" என்று மனைவி ஏணியை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

இப்போது வேறு சங்கடம். இரண்டு நாளாக அட்டைக்குப் பின்னால் அதைக் காணோம். இருக்கும்போது இருந்த பயம் குறைந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரியாத பயத்துக்கு மார்க் போட்டு ஏணி கட்டவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு பரண், ஜன்னல், ட்யூப்லைட் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அது பூஜை ரூம்ல இருக்கு" என்றாள். "போயி விளக்கேத்திட்டு வாங்க."